இரும்புக்குச் சர்க்கரைச் சட்டை

செவ்வாய்க்கிழமை, காலை 10.25.

இன்ஸ்பெக்டர் அருள்பிரகாசம் ஜீப்பிலிருந்து இறங்கியபோது அவருடைய இரண்டு கால்களும் பூட்ஸுக்குள் வீங்கியிருந்தன. துறைமுக ஸ்டிரைக் பந்தோபஸ்தில் மூன்று நாளாக நின்ற கால்கள். ஒரு வாளி வெந்நீரில் அவற்றை இறக்கிவிட்டுக் கண்ணை மூட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு ஆசை எதுவும் இல்லை. ஆனால் டோல்கேட் பக்கத்து இலவச மருந்தகத்தில் ஒரு பெண் செத்துக் கிடந்தாள். வாசலில் நூறு பேர் நின்றார்கள்.

"வழி விடுங்கப்பா" என்றார் ஏட்டு துரை. கூட்டம் விட்டது, ஆனால் முணுமுணுத்துக்கொண்டே விட்டது.

உள்ளே இரும்புக் கட்டிலில் கெங்கம்மா கிடந்தாள். இருபத்தொன்பது வயது. இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. மூன்று பிள்ளை பெற்றதில் உடம்பிலிருந்த இரத்தமெல்லாம் வற்றி, உள்ளங்கை காகிதம்போல் வெளுத்திருந்தது. இரும்புச் சத்து ஊசி போட்டுக்கொள்ள வந்தவள், போட்ட எட்டு நிமிஷத்தில் மூச்சுத் திணறிப் போய்விட்டாள்.

அருள்பிரகாசம் குனிந்து கையைப் பார்த்தார். முழங்கை மடிப்பில் இரண்டு ஊசிக்குத்துகள். ஒன்று இலேசாகக் காய்ந்திருந்தது, இன்னொன்று புதிது.

மூலையில் ஸ்டூலில் நர்ஸ் அடைக்கலமேரி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அழவில்லை. கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அவை தன்னுடையவைதானா என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா நடந்தது?"

"ஒம்பதே காலுக்கு டெஸ்ட் டோஸ் போட்டேன் சார். நாலு சொட்டு. அரை மணி நேரம் உக்கார வெச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஆகல. பசிக்குதுன்னு கூட சொன்னா. ஒம்பது அம்பதுக்கு மீதியை ஏத்தினேன். பாதி போகும்போதே நெஞ்சைப் புடிச்சுக்கிட்டா."

"ரெண்டும் ஒரே பாட்டில்தானா?"

"ஒரே பாட்டில். இன்னிக்கு இவதான் முதல் ஆள்."

மேஜைமேல் அந்தக் குப்பி நின்றது. அடியில் கொஞ்சம் பழுப்பு மருந்து மிச்சம். பக்கத்தில் திறந்த மரப்பெட்டியில் இன்னும் பத்தொன்பது குப்பிகள். பெட்டியோடு வந்த சீட்டை எடுத்துப் படித்தார். டைப் அடித்த மூன்று வரி:

குளிர்ந்த இடத்தில் வைக்கவும், உறைய விடக்கூடாது.
முதலில் சில சொட்டு கொடுத்து அரை மணி பார்க்கவும்.
பிறகு மீதியை மெதுவாக இரத்தக் குழாயில் ஏற்றவும்.

அதற்குக் கீழே ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்பு: உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்.

"சீட்டுல இருக்கிறபடி எல்லாம் செஞ்சியா?"

"எல்லாம் செஞ்சேன் சார்."

டெலிபோன் மணி அடித்தது. மறுமுனையில் உதவி கமிஷனர். ஸ்டிரைக் ஒரு பக்கம், இது ஒரு பக்கமா என்று தொடங்கினார். "நர்ஸைக் கூட்டிக்கிட்டு வந்து நாலு மணிக்குள்ள ரிமாண்டுக்கு அனுப்புய்யா. கூட்டம் கலையணும். மருந்து செஞ்ச கெமிஸ்ட் போன்ல சொல்லிட்டாரு, டெஸ்ட் டோஸ் போடாம ஏத்தியிருக்கான்னு."

"அவரு இங்க இருந்தாராமா சார்?"

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார். நாலு மணி" என்று அருள்பிரகாசம் போனை வைத்தார்.

காலை 11.10.

வரிசையில் அடுத்ததாக உட்கார்ந்திருந்தவள் பட்டம்மாள். புளியந்தோப்பிலிருந்து பஸ் ஏறி வந்தவள். கூப்பிட்டுக் கேட்டார்.

"ஊசி எத்தினி தபா போட்டாங்க?"

"ரெண்டு தபா சார். மொதல்ல சின்னதா ஒண்ணு. அப்பால குந்திகினே இருந்திச்சி. எங்கையில கத பேசிகினு இருந்திச்சி. பெரிய பொண்ண இஸ்கோல்ல சேக்கணும்னிச்சி. அப்பால நர்சம்மா அந்தச் சீட்ட பாத்துச்சி, புட்டிய எட்த்து நல்லா ஆட்டிச்சி, போட்டுச்சி. அவ்ளோதான்."

"கெமிஸ்ட் ஒரே ஊசிதான்னு சொல்றாரே."

"அவுரு இன்னா, இங்க வந்து கண்டாரா?" என்றாள் பட்டம்மாள். தான் கேட்ட கேள்வியையே அவளும் கேட்டது அருள்பிரகாசத்துக்குப் பிடித்திருந்தது.

மேஜைக்குத் திரும்பினார். வாக்குமூலம் எழுதி முடிக்க முக்கால் மணி ஆகியிருந்தது. அவ்வளவு நேரமும் யாரும் தொடாமல் நின்ற குப்பியை இப்போது மெல்லத் தூக்கிச் சன்னலுக்கு நேரே பிடித்தார். மேலே மருந்து தேன்போல் தெளிந்திருந்தது. அடியில் காப்பி வண்டல்போல ஒரு படிவு.

பெட்டியிலிருந்து இன்னொரு குப்பியை எடுத்தார். அதிலும் படிவு. அதோடு, லேபிள் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்த ஒரு பொடி. எல்லாக் குப்பியிலும் அது இருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார்.

துரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், ஒரு பொம்பள செத்துக் கெடக்குறா."

"உள்ள இருக்கறதுனால செத்தா. இது வெளிய இருக்கறது" என்றார் இன்ஸ்பெக்டர். "உப்பு."

இராயபுரத்துக்காரரான அவருக்கு உப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவருடைய அண்ணன் காசிமேட்டில் படகு வைத்திருக்கிறார். மீன் பெட்டி காய்ந்தால் அதன் ஓரமெல்லாம் இப்படித்தான் பூக்கும்.

"இந்தப் பெட்டி எப்போ வந்துச்சும்மா?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு. மானேஜர் பாஸ்கர் சார் காருல வந்து குடுத்தாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள இருபது பேருக்கும் போட்டு ரிப்போர்ட் குடுங்கன்னு அவசரப்படுத்தினாரு. வந்ததும் ஃப்ரிட்ஜில வெச்சுப் பூட்டிட்டேன்." அடைக்கலமேரி முதன்முறையாக நிமிர்ந்தாள். "சார், என்னை உள்ள வெச்சிடுவீங்களா? வயசான அப்பா வீட்டுல இருக்காரு. பக்கத்து வீட்டுல சொல்லிட்டாவது போகணும்."

கேட்ட தொனியில் கெஞ்சல் இல்லை. அதுதான் அவரை வருத்தியது. "நாலு மணி வரைக்கும் ஒரு எடமும் போக வேணாம்" என்றார். அதற்குமேல் உறுதி கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை.

மதியம் 12.40.

எர்ணாவூரில் ஆளுயரச் சுவருக்குள் இருந்தது சுடரொளி மருந்துக் கம்பெனி. இருமல் டானிக், தலைவலித் தைலம், அதோடு மூன்று வருஷமாக இந்த ஊசி மருந்து ஆராய்ச்சி.

கெமிஸ்ட் குமாரவேல் நாற்பது வயது மனிதர். கண்ணுக்குக் கீழே கருவளையம். தன்னைப்போல் தூங்காத இன்னொரு ஆள் என்று அருள்பிரகாசத்துக்கு அவர்மேல் ஒரு பரிவு வந்தது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இந்த மருந்து என்ன?"

"இரும்பை அப்படியே இரத்தத்துல விட்டா விஷம் சார். அதனால மைக்ராஸ்கோப்புல கூடத் தெரியாத அளவுக்கு நுண்ணிய துகளாக்கி, ஒவ்வொரு துகளுக்கும் சர்க்கரையில ஒரு சட்டை போட்டுடறோம். உடம்பு அந்தச் சட்டையைப் பதமாக் கழட்டி உள்ள இருக்கிற இரும்பை எடுத்துக்கும். இதுவரைக்கும் வந்த மருந்துல எப்பவாவது ஒருத்தருக்கு ஒத்துக்காமப் போகும். அந்த ஒருத்தரும் இருக்கக் கூடாதுன்னுதான் புதுச் சட்டை தைக்கிறேன்." சொல்லும்போதே அவர் முகத்தில் களைப்பு விலகிற்று. "என் தங்கச்சி பிரசவத்துல போயிட்டா. உடம்புல இரத்தம் இல்லைன்னாங்க."

"இதைக் கெடுக்கக் கூடியது எது?"

"சூடு. சூடு ஒண்ணுதான் இதுக்கு எதிரி."

"சனிக்கிழமை இங்க கரண்ட் போச்சுன்னு கேட்ல சொன்னாங்களே?"

"திங்கள் மதியம் வரைக்கும் இல்ல. கம்பெனிக்கே லீவு விட்டாச்சு. ஸ்டோர்கீப்பர் லூயிஸை ஐஸ் வாங்கி வைக்கச் சொல்லியிருந்தேன். வெச்சிருந்தார். ஒண்ணும் ஆகல."

"நீங்க நேத்து வந்தீங்களா?"

"காலையில வந்து முயலுங்களுக்குப் புல்லு போட்டேன். வேற வேலை இல்ல. மருந்தைத் தொடவே இல்ல. அது பத்து நாள் முந்தியே முயல்ல பாஸ் ஆனது."

"முயலை நீங்கதான் கவனிக்கிறீங்களா?"

"வேற யாரும் தொட மாட்டாங்க. கடிச்சிடும்."

மானேஜர் பாஸ்கர் குறுக்கிட்டார். இஸ்திரி குலையாத சட்டை, கையில் கைக்குட்டை. "மாசக் கடைசிக்குள்ள ரிப்போர்ட் வராட்டா இந்த ஆராய்ச்சியை மூடிடறதா முதலாளி முடிவு பண்ணிட்டார் சார். நானும் எத்தனை நாள் தாங்குவேன்? நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து பெட்டியை எடுத்துப் போனேன். கெமிஸ்ட் மேஜை மேல ரெடியா இருந்துச்சு. நர்ஸ் சரியாப் போடலன்னா கம்பெனி என்ன பண்ணும்?"

நல்ல சட்டை போட்டவன், அவசரப்படுத்தியவன், கையோடு கொண்டுபோய்க் கொடுத்தவன். பாஸ்கரைப் பிடித்து உள்ளே போட அருள்பிரகாசத்துக்குக் கை துறுதுறுத்தது. வேண்டாம் என்று கையைப் பையில் விட்டுக்கொண்டார்.

பிற்பகல் 1.30.

லூயிஸ் ஸ்டோர் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. பத்து வருஷம் கடலுக்குப் போய்விட்டு, முதுகு போன பிறகு கம்பெனிக்கு வந்தவர்.

"அண்ணே, ஐஸ் எங்க வாங்கினீங்க?"

"நம்ம காசிமேட்டு ஐஸ் டிப்போதான். ரெண்டு பாரு ஐஸ் கட்டி. பெட்டில ஒடச்சிப் போட்டு, பாட்டில உள்ள சொருகி, மேல நல்லா கல்லுப்பு தூவி, சாக்கு போட்டு மூடினேன்."

"உப்பு எதுக்கு?"

லூயிஸ் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னா நைனா, நீ இராயபுரத்து ஆளுதானே? வெறும் ஐஸ்ல வெச்சா வஞ்சிரம் ரெண்டு நாளு தாங்குமா? உப்பு போட்டாத்தான் கல்லு மாரி நிக்கும். ஞாயித்துக்கெழம பூசை முட்ச்சி வந்து மறுக்கா ரெண்டு பாரு, மறுக்கா உப்பு. கெமிஸ்ட் சாரு மருந்து கெடக் கூடாதுன்னு சொல்லிட்டாரே. சும்மா வுட முடியுமா?"

"அப்புறம் எப்போ திறந்தீங்க?"

"நா தொறக்கல. திங்கக்கெழம சாயங்காலமா வந்தேன். ஐஸ் பெட்டி காலி. கெமிஸ்ட் சாரு, மானேஜரு, ரெண்டு பேருகிட்டயும் ஸ்டோர் சாவி கீது. யாரோ எட்த்துட்டாங்க." பிறகு சோற்றில் கை நின்றது. "ஏன் நைனா, தப்பாயிட்ச்சா?"

அருள்பிரகாசம் அவர் தோளைத் தட்டினார். மீனைக் காப்பாற்றத் தெரிந்த கை, மருந்தையும் அப்படியே காப்பாற்றப் பார்த்திருக்கிறது. இந்த மனிதரை எந்தச் சட்டத்தில் சேர்ப்பது என்று அவருக்கு அலுப்பாக இருந்தது.

பேக்கிங் பகுதியில் மலிகா டானிக் பாட்டில்களுக்கு மூடி திருகிக்கொண்டிருந்தாள். சீட்டை அவளிடம் காட்டினார்.

"இந்த ஸ்டாம்பு யாரோடது?"

"இது நம்ம இருமல் டானிக் ஸ்டாம்பு சார். டானிக்குல அடியில மண்டி நிக்கும், அத்த கலக்கணும்னு போடறது. ஊசி மருந்துக்குப் போட மாட்டோம். டைப் அடிச்ச சீட்டு மட்டும்தான் வெப்போம்." யோசித்தாள். "அதான் பாத்தேன். இன்னிக்குக் காலையில வந்தா மை டப்பா தொறந்தே கீது, காஞ்சி போயிருக்கு. சனிக்கெழம நான் மூடிட்டுத்தான் போனேன்."

பிற்பகல் 3.05.

முயல் அறையில் எட்டுக் கூண்டுகள். பாஸ்கர் வாசலிலேயே நின்று மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். குமாரவேல் உள்ளே வந்து, வழக்கம்போல் ஒவ்வொரு கூண்டிலும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். அருள்பிரகாசம் ஒரு பெட்டியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நிற்க முடியவில்லை.

"டைம் கம்மி. சுருக்கமாச் சொல்லிடறேன். கல்லுப்பு தூவின ஐஸ், வெறும் ஐஸைவிட எத்தனையோ மடங்கு சில்லிடும். மருந்து உறைஞ்சுபோச்சு. உறைய விடக்கூடாதுன்னு உங்க சீட்டே சொல்லுது. ஆனா எது கெடுக்கும்னு நான் கேட்டப்போ நீங்க சூட்டை மட்டும் சொன்னீங்க, குமாரவேல் சார்."

குமாரவேல் அடுத்த கூண்டின் தண்ணீர்க் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"உறைஞ்சது லூயிஸோட குத்தம் இல்ல. யாரும் அவருக்குச் சொல்லல. திங்கள் காலை ஒருத்தர் பெட்டியைத் திறந்திருக்கார். பாட்டில் அடியில மண்டியைப் பாத்திருக்கார். எப்படித் தெரியும்? ஸ்டாம்பு சொல்லுது. தெளிஞ்ச மருந்தைக் குலுக்குன்னு யாரும் எழுத மாட்டான். மண்டியைக் கண்ணால பாத்தவன்தான் எழுதுவான்."

"நான் ஸ்டாம்பே பார்த்ததில்ல" என்றார் பாஸ்கர் அவசரமாக. "பெட்டி மூடியிருந்துச்சு, எடுத்துக்கிட்டுப் போனேன், அவ்வளவுதான்."

"நீங்க இந்த அறைக்குள்ளயே வந்ததில்ல. அதனாலதான் இன்னிக்கு ராத்திரி வீட்டுச் சாப்பாடு சாப்பிடப் போறீங்க." இன்ஸ்பெக்டர் மூன்றாவது கூண்டைக் காட்டினார். "துரை, அந்த முயலோட காதைப் பிடிங்க. பக்கத்துக் கூண்டுலயும்."

துரை பயந்து பயந்து பிடித்தார். இரண்டு முயல்களின் காது நரம்பின் மேலும் அயோடின் மஞ்சள் அப்பியிருந்தது. நடுவில் கடுகளவு புதுப் பொருக்கு. மற்ற ஆறு முயல்களின் காதுகளும் சுத்தம்.

"நீங்க சொன்னபடி கடைசி டெஸ்ட் பத்து நாள் முந்தி. இந்தக் குத்து ஒரு நாள்தான் இருக்கும். புல்லு போட வந்தவர் ஊசி ஏன் போட்டார்? பாஸ் ஆன மருந்தை மறுபடி ஏன் சோதிச்சார்? முயலைத் தொடற ஆள் நீங்க ஒருத்தர்தான்னு நீங்களே சொன்னீங்க."

குமாரவேல் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"ரெண்டும் பிழைச்சுது சார்" என்றார். "இதமா வெந்நீர்ல வெச்சு, குலுக்கிப் பார்த்தேன். கலந்துடுச்சு. கண்ணுக்கு எப்பவும்போலத்தான் இருந்தது. ரெண்டு முயலும் சாயங்காலம் வரைக்கும் புல்லு தின்னுச்சு. புதுசாச் செய்ய ரெண்டு மாசம் ஆகும். மாசக் கடைசியில மூடிடுவாங்க. மூணு வருஷம்."

"உறைஞ்சா என்ன ஆகும்? இப்போவாவது சொல்லுங்க."

"சட்டை கிழிஞ்சிடும். துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகும். குலுக்கினா கலந்த மாதிரி தெரியும், ஆனா கிழிஞ்சது கிழிஞ்சதுதான். முயலுக்குப் போட்டது துளி. மனுஷிக்கு..."

"அது கூட ஆசையில செஞ்ச தப்புன்னு வெச்சுக்கறேன்" என்றார் அருள்பிரகாசம். அவருக்குக் கோபம் வந்திருந்தது. களைப்பில் வருகிற கோபம், சத்தம் போடக்கூட முடியாத கோபம். "காலையில சேதி கேட்டதும் போனை எடுத்து, நர்ஸ் டெஸ்ட் டோஸ் போடலன்னு சொன்னீங்களே. அதை எந்த முயல்ல சோதிச்சீங்க?"

குமாரவேல் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். துரை முயலைக் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்தினார். மணி மூன்று இருபது. உதவி கமிஷனருக்கு அங்கிருந்தே போன் போட்டு, ரிமாண்டுக்கு வருவது வேறு ஆள் என்று சொல்லிவிட்டு அருள்பிரகாசம் ஜீப்பில் ஏறினார்.

மாலை 4.15.

மருந்தகத்து வாசலில் கூட்டம் பாதியாகியிருந்தது. கெங்கம்மாவின் புருஷன் மண்ணாங்கட்டி, கூலி வேலையிலிருந்து வந்த அழுக்குச் சட்டையோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காலையில் நர்ஸை வெட்டுவேன் என்று கத்தியவன். இப்போது குரல் போய்விட்டது.

அடைக்கலமேரி அதே ஸ்டூலில் இருந்தாள். இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். உப்பு, ஐஸ், முயல், ஸ்டாம்பு. "நீ வீட்டுக்குப் போகலாம்மா. உன்மேல ஒரு குத்தமும் இல்ல."

அவள் தலையாட்டினாள். எழுந்திருக்கவில்லை.

"சார், டெஸ்ட் டோஸ் ஏன் ஒண்ணும் பண்ணல?"

இந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் வழி முழுக்க வேண்டிக்கொண்டு வந்தார். "அது சின்ன அளவு" என்றார்.

"இல்ல சார். முந்தி வந்த மருந்தையெல்லாம் குலுக்கிப் பழக்கம் இல்ல. அந்தப் பழக்கத்துல முதல் நாலு சொட்டு அப்படியே மேலாப்புல எடுத்தேன். தெளிவா இருந்துச்சு. அப்புறம்தான் சீட்டைத் திரும்பப் பாத்தேன். புதுசா ஒரு வரி இருக்கே, விட்டுட்டேனேன்னு..." கைகளைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "நல்லாவே குலுக்கினேன் சார். சரியாச் செய்யணும்னு."

அருள்பிரகாசம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் குற்றவாளிகளுக்குச் சொல்ல அவரிடம் எத்தனையோ வார்த்தை இருந்தது. குற்றம் செய்யாதவளுக்குச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. "எழுதினவன் வேறம்மா" என்றார். "நீ படிச்சதைச் செஞ்ச."

"தெரியும் சார்."

அவள் எழுந்து குழாயில் கை கழுவினாள். தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து மடித்து மேஜைமேல் வைத்தாள். வாசலைப் பார்த்தாள்.

"அந்த ஆளுக்கு யாரு சொல்லப் போறா?"

"துரை சொல்லுவாரு. நீ பின்வழியாப் போயிடு. கூட்டம் இன்னும் கோபத்துல இருக்கு."

"நான் போறேன் சார். அரை மணி நேரம் அவ என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. என்ன பேசினான்னு அவருக்கு வேற யாரு சொல்லுவா?"

தடுக்க வேண்டும் என்று நினைத்தார். தடுக்கவில்லை. வீங்கிய கால்களை ஊன்றி எழுந்து அவளுக்கு இரண்டடி பின்னால் நடந்தார். கூட்டம் அவளைப் பார்த்ததும் அசைந்தது, பின்னாலிருந்த காக்கிச் சட்டையைப் பார்த்து நின்றது.

மண்ணாங்கட்டி தலையைத் தூக்கினான். அடைக்கலமேரி அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னா?" என்றான் அவன், காற்றாக.

"பெரிய பொண்ண ஸ்கூல்ல சேக்கணும்னு சொன்னாங்க" என்று அவள் ஆரம்பித்தாள்.